லாரி வீல் நட்டு கழற்றும் டார்க் மல்டிபிளையர்: கடலூர் உப்புக்காற்றில் வேலை வாங்கிப் பார்த்த பிறகு

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் சுற்றுகிற விசையைப் பல மடங்கு பெருக்கித் தருகிற இந்த டார்க் மல்டிபிளையரை, கனரக வண்டி வேலை பார்க்கிற எல்லாரும் வாங்க வேண்டும், ஆனால் நட்டைக் கழற்றுவதற்கு மட்டும். இறுக்குவதற்கு இதைத் தொடாதீர்கள். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் விற்கிற கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, வீடியோ போடுகிறவர்களும் கழற்றிக் காட்டிவிட்டு அதே கைப்பிடியை மறுபக்கம் சுற்றி இறுக்கியும் காட்டிவிடுகிறார்கள்.

எனக்குத் தொழில் லாரி மெக்கானிக். கடலூரில் சிதம்பரம் ரோட்டில், சிப்காட் பக்கம் பட்டறை. கெமிக்கல் டேங்கர் வரும், நெய்வேலியிலிருந்து சாம்பல் ஏற்றுகிற வண்டி வரும், பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வரும், முதுநகர் துறைமுகத்து மீன் வண்டிகள் வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி துரு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி சும்மா நின்றாலே நட்டும், அது ஏறுகிற மரைக்கம்பியான ஸ்டட்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதிலும் மீன் வண்டி இருக்கிறதே, ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பின்சக்கரத்து மேலேயே விழுந்துகொண்டிருக்கும், அந்த வண்டியில் உள்வீலைக் கழற்றுவது என்றால் எங்கள் பட்டறையில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு லாரி மெக்கானிக் வேலை என்றால் இன்ஜின் இறக்குவது, கியர் பாக்ஸ் பிரிப்பது என்றுதான் தோன்றும். நிஜத்தில் நாள் முழுக்கக் கையில் இருப்பது வீல்தான். பிரேக் லைனர் மாற்றணுமா, வீலைக் கழற்று. ஹப்புக்கு, அதாவது சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதிக்கு, கிரீஸ் வைக்கணுமா, வீலைக் கழற்று. ஆயில் சீல் ஒழுகுகிறதா, அதற்கும் வீலைக் கழற்று. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் வேலைக்கு வருகிற வண்டி என்றால் சுற்றி இருக்கிற அத்தனை சக்கரமும் கீழே இறங்கும், எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. ஒரு வீலுக்குப் பத்து நட்டு. பின்னால் இரட்டைச் சக்கரம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை நாங்கள் காலங்காலமாகச் செய்தது வீல் ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகி, ஒருத்தர் சாக்கெட் வழுக்காமல் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் பைப் மேல் ஏறி நின்று குதித்து. தோள்பட்டை போவதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் முட்டி தேய்வதும் இதனால்தான். சாக்கெட் வழுக்கி பைப் தாடையில் அடித்து, பல் போனவர்களை எனக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு இளம்பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று எல்லாப் பட்டறைக்காரர்களும் புலம்புகிறோம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு ஆசையாக வருகிற பிள்ளையை முதல் நாளே பைப் மேல் குதிக்கச் சொன்னால் அவன் ஏன் இருப்பான்? சம்பளத்தைவிட இதுதான் அவர்களை விரட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றுகிற ஏர் கன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பட்டறைக்குள் நல்ல கம்ப்ரஸரும் ஒரு இன்ச் கன்னும் இருந்தால் வேலை சுளுவு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டோரம் லோடு வண்டி நிற்கிறது என்று டிரைவர் போன் பண்ணினால் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பைக்கில் ஒரு பையனும் ஒரு டூல் பெட்டியும்தான் போக முடியும். அந்த இடத்துக்குத்தான் இந்தச் சாமான்.

சரி, என்ன அது? கையடக்கமான ஒரு சின்ன கியர் பாக்ஸ், அவ்வளவுதான். ஒரு முனையில் சுற்றுகிற கைப்பிடி, இன்னொரு முனையில் நட்டில் மாட்டுகிற சாக்கெட், பக்கவாட்டில் ஒரு கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்ம். உள்ளே பிளானட்டரி கியர். நம் டிப்பர்களில் ஹப் ரிடக்‌ஷன் ஆக்சிலில் பார்க்கிறோமே, நடுவில் சன் கியர், சுற்றி மூன்று குட்டி கியர், வெளியே ரிங், அதே வகை. பெட்டியில் 1:58 என்று போட்டிருக்கும். கைப்பிடியை 58 சுற்று சுற்றினால் நட்டு ஒரு சுற்று சுற்றும் என்று அர்த்தம். வேகம் குறைகிற அளவுக்கு விசை கூடும், உள்ளே உராய்வில் கொஞ்சம் போகும். அந்த ஆர்மைப் பக்கத்து நட்டு மேலேயோ, அதுக்கென்று கொடுக்கிற சாக்கெட் மேலேயோ முட்டுக் கொடுக்க வேண்டும். நட்டு திரும்ப மறுக்கிற விசை முழுக்க அந்த முட்டுக்குப் போய்விடும், நம் இடுப்புக்கு வராது.

பயன்படுத்துவது எப்படி இருக்கும் என்றால், சாக்கெட்டை நட்டில் முழு ஆழத்துக்கு ஏற்றி, ஆர்மை அடுத்த நட்டில் சாய்த்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் முதல் சில சுற்று சும்மா ஓடும், ஆர்ம் போய் நன்றாக உட்காரும். அப்புறம் கை கொஞ்சம் கனக்க ஆரம்பிக்கும். இன்னும் இரண்டு சுற்று. துருப்பிடித்த நட்டாக இருந்தால் இந்த இடத்தில் டிஸ்க்கிலிருந்து, அதாவது சக்கரத்தின் இரும்புத் தட்டிலிருந்து, முனகல் மாதிரி ஒரு சத்தம் வரும், ஸ்டட் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருத்தூள் பொலபொலவென்று உதிரும், அடுத்து ஒரே ஒரு 'டக்'. அதோடு கைப்பிடி லேசாகிவிடும். மீன் வண்டி ஒன்றில் பின்பக்க உள்வீலுக்கு இதைப் போட்டபோது, பைப்போடு இரண்டு ஆள் ஏறி நின்றும் அசையாத நட்டை எங்கள் பட்டறையின் சின்னப் பையன், மீசை கூட முளைக்காதவன், ஒற்றைக் கையால் சுற்றிக் கழற்றினான். "அண்ணே, கழண்டுடுச்சுண்ணே" என்று அவன் நிமிர்ந்து பார்த்த முகத்துக்காகவே கொடுத்த காசு செரித்தது. ஸ்டட் ஒன்றுகூட அறுபடவில்லை, மரையும் அப்படியே இருந்தது. முந்தைய நாள் சாயங்காலமே துரு எடுக்கிற எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த டூல் வைத்திருந்தாலும் அந்தப் பொறுமை வேண்டும், காய்ந்த துருவில் முரட்டு விசை போட்டால் நட்டுக்குப் பதில் ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டு வரும்.

இன்னொரு பலன் யாரும் பேசாதது. பைப்பில் குதிக்கும்போது வண்டியே ஆடும். ஜாக்கி மேல் நிற்கிற லோடு வண்டி ஆடினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதில் ஆட்டமே இல்லை. அப்படியும் ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, கட்டை வைத்துவிட்டு எல்லா நட்டையும் லேசாக லூஸ் பண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கத்தை எந்தச் சாமானுக்காகவும் விடக்கூடாது.

இப்போது இறுக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பத்து நட்டு, 22 மி.மீ. ஸ்டட் உள்ள கனரக வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி சொல்கிற இறுக்கம் 600 நியூட்டன் மீட்டரை (திருகும் விசையின் அளவு) ஒட்டி வரும். வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். எழுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் நீளப் பைப் முனையில் சும்மா ஏறி நின்றாலே 700 நியூட்டன் மீட்டர் கிட்டே வந்துவிடும். குதித்தால் இன்னும் எங்கேயோ போகும். அதாவது பைப்பிலேயே நாம் பல நேரம் அளவுக்கு மீறித்தான் இறுக்கிக்கொண்டிருந்தோம். ஆனால் பைப்பில் உடம்பு நமக்குச் சொல்லும், இதற்கு மேல் வேண்டாம் என்று.

மல்டிபிளையரில் அது சொல்லாது. கணக்கைப் பாருங்கள். கைப்பிடி நீளம் சுமார் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனையில் பத்துக் கிலோ அழுத்தம் கொடுத்தால், ஒரு குடம் தண்ணீர் தூக்குகிற பலம்கூட வேண்டாம், கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர். அதை 58-ஆல் பெருக்கினால் 1100-க்கு மேல். உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் தேவையானதைவிட ரொம்பவே அதிகம். 600 வர வேண்டுமென்றால் கையில் ஐந்தாறு கிலோ அழுத்தம் போதும், உராய்வையும் சேர்த்தால் இன்னும் ஓரிரு கிலோ. அந்த ஏழு கிலோவுக்கும் இந்தப் பத்துக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கைக்குத் தெரியும்? என் கைக்குத் தெரியாது. இவ்வளவு வருஷம் வேலை பார்த்தவர் கைக்கும் தெரியாது. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாம், சேஃப்டி' என்று நினைத்துச் சுற்றுகிற அந்தக் கொஞ்சத்தில் ஸ்டட் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்றால் அங்கேயே அறுந்து விழாது, அப்படி விழுந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். நட்டை இறுக்கும்போது ஸ்டட் துளி நீளும். நீண்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்த இழுவையில்தான் டிஸ்க் ஹப்போடு அழுந்தி நிற்கிறது. லோடைத் தாங்குவது அந்த அழுத்தமும் அதனால் வருகிற உராய்வும், ஸ்டட் குறுக்கே நின்று தாங்குவதில்லை. அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிடும், திரும்பச் சுருங்காது. வெளியே பார்க்க நட்டு டைட்டாக இருக்கும், உள்ளே பிடிப்பு போயிருக்கும். கொஞ்ச நாளில் அந்த ஸ்டட் அறும், அதன் லோடு பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும், அது அறும். இப்படித்தான் ஓடுகிற வண்டியில் வீல் கழன்று போகிறது. டயரும் டிஸ்க்கும் சேர்ந்து ஏறக்குறைய நூறு கிலோ. நம் ஹைவே ஊருக்கு நடுவில் போகிறது, பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இதை நினைத்துத்தான் நான் பட்டறையில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: மல்டிபிளையர் பெட்டி நட்டு கழன்றதும் மூடப்பட வேண்டும்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்சு. வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கிற வகை, முக்கால் இன்ச் டிரைவ் அல்லது ஒரு இன்ச், அதிகபட்சம் 800 அல்லது 1000 நியூட்டன் மீட்டர் வரை காட்டுகிற நீள ரெஞ்சு. மல்டிபிளையர் நாலாயிரம் ரூபாய்க்குள் எனக்குக் கிடைத்தது, டார்க் ரெஞ்சு அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் பட்டறைகளில் இதை வாங்குகிறார்கள், அதை வாங்குவதில்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்சு வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனை, கடலூரிலும் செய்யலாம். வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கைக் கீழ் அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், அதைக் கொண்டு நட்டைக் கழற்றவே கூடாது.

ரெஞ்சு மட்டும் இருந்தாலும் போதாது. ஹப் முகத்தையும் டிஸ்க் முகத்தையும் வயர் பிரஷ் போட்டுத் துரு, மண், தடிமனான பெயின்ட் எல்லாம் எடுக்க வேண்டும். எஃப்.சி.க்காகப் புதுசாகப் பெயின்ட் அடித்த டிஸ்க்கை அப்படியே மாட்டினால், ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும், இது நான் அடிக்கடி பார்ப்பது. நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும், வரிசையாகச் சுற்றி வரக்கூடாது. 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை ரெஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு டிரைவர்கள் நிற்பதே இல்லை. "லேட் ஆயிடும்ணே, நாகப்பட்டினம் போய்ச் சேரணும்" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, லோடு இறக்க நேரம் கொடுத்திருப்பார்கள். டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று மட்டும்: டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் வீலைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். நட்டிலிருந்து துருக்கோடு வெளிப்பக்கமாக இழுத்திருந்தால் அந்த நட்டு லூஸ்.

இனி சாமானின் குறைகள். முதல் குறை, கூடவே வருகிற சாக்கெட்டுகள். 32, 33 என்று இரண்டு தருகிறார்கள், அளவு நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரிதான், ஆனால் இரும்பு மட்டம். எனக்கு வந்த 32 சாக்கெட்டின் சுவரில் சீக்கிரமே தலைமுடி கனத்தில் விரிசல் விழுந்தது, நல்ல வேளை சுத்தம் செய்யும்போதே கண்ணில் பட்டது. உடனே தூக்கிப் போட்டுவிட்டுக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்கினேன். நீங்களும் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பளபள குரோம் சாக்கெட் இதற்கு ஆகாது, தெறித்தால் முகத்துக்கு வரும்.

இரண்டாவது, அந்த ஆர்ம். இதுதான் இந்தச் சாமானில் ஆபத்தான பாகம். முட்டுக் கொடுக்கும்போது ஆர்முக்கும் பக்கத்து நட்டுக்கும் நடுவில் விரல் இருந்தால் விரல் போச்சு. கழற்றும் கை ஒன்று, இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையன்கள் ஆர்மைத்தான் பிடிப்பார்கள். பிடிக்க விடாதீர்கள், பின்னால் உருளையைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆர்ம் சரியாக உட்காராமல் ஓரமாகத் தொட்டுக்கொண்டிருந்தால், விசை ஏறிய பிறகு வழுக்கும், கைப்பிடி எதிர்ப்பக்கம் சடாரென்று திரும்பி மணிக்கட்டில் அடிக்கும். அதனால் கை கனக்க ஆரம்பித்ததும் ஒரு நொடி நிறுத்தி ஆர்மைப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும்.

மூன்றாவது, வேகம் இல்லை. நட்டு லூஸ் ஆனதும் இதையே வைத்து முழுக்கக் கழற்றினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லூஸ் ஆனதும் எடுத்துவிட்டு சாதாரண வீல் ஸ்பேனரில் சுற்றிக் கழற்றுங்கள். சிலர் அவசரத்துக்குக் கைப்பிடி போகிற இடத்தில் பேட்டரி இம்பாக்ட் கன்னை மாட்டுகிறார்கள். செய்யாதீர்கள், உள்ளே கியர் பல் உடையும், பிறகு அது எடைக்குப் போடத்தான் ஆகும்.

எடை ஒரு குறை என்று சிலர் சொல்கிறார்கள். பெட்டியோடு எட்டுக் கிலோ இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, நீளப் பைப்பை பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு போன கஷ்டத்துக்கு இது ஒன்றுமே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. குட்டைக் கழுத்து, நீளக் கழுத்து என்று இரண்டு வகை இருக்கிறது. முன்வீலில் நட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், குட்டையே போதும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் நட்டு டிஸ்க் குழிக்குள் ஆழமாக இருக்கும், அங்கே நீளக் கழுத்து இல்லாமல் எட்டாது. மலிவாக இருக்கிறதே என்று குட்டை வாங்கினால் முன்வீலுக்கு மட்டும்தான் ஆகும். பெட்டியில் எத்தனை ஆயிரம் நியூட்டன் மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், நமக்குத் தேவையானது எல்லா மாடலிலும் இருக்கிறது. அதற்குப் பதில் கைப்பிடி சொருகுகிற சதுர முனையில் ஆட்டம் இருக்கிறதா, ஆர்மின் வெல்டிங் முழுசாக ஓடியிருக்கிறதா, கையால் சுற்றினால் கியர் எங்கேயாவது தட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நான் புதுச்சேரியில் ஒரு டூல்ஸ் கடையில் மூன்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் எடுத்தேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பில் போட்டு வாங்குங்கள். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இடதுபக்கச் சக்கரத்தில் இடதுமரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிற மரை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிபிளையர் இரண்டு பக்கமும் சுற்றும், ஆனால் திசை மாற்றிச் சுற்றினால் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு ஸ்டட்டை முறித்துவிடுவோம், கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நம் ஊர்க் காற்றுக்கு இதற்கும் பராமரிப்பு வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பின்பக்க மூடியைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, ஹப்புக்குப் போடுகிற அதே லித்தியம் கிரீஸை கியர் பல்லில் தடவி மூடுகிறேன். துறைமுகத்தில் போய் வேலை பார்த்துவிட்டு வந்த அன்று நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டிக்குள் கொடுக்கிற ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதை எடுத்துவிட்டுப் பழைய ரப்பர் ஷீட் வெட்டிப் போட்டிருக்கிறேன். இப்போது வரைக்கும் கியரில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை, கைப்பிடிப் பிளாஸ்டிக் மட்டும் விரிந்துவிட்டது, டேப் சுற்றி ஓடுகிறது.